கெண்டைக்காலில் கறுப்புப் புள்ளிகள்

மலேசியாவின் கிள்ளான் நகரத்து லிட்டில் இந்தியாவில் வடை வாங்கிக்கொண்டு காருக்குத் திரும்பினேன். என் மனைவி கமலா கீழே பார்த்தாள்.

"இடது கால் செருப்பு எங்கங்க?"

கால் வெறுமையாக இருந்தது. எங்கே கழன்றதென்று தெரியவில்லை. சுடும் தார்ச்சாலையில் அவ்வளவு தூரம் நடந்தும் எனக்கு உறைக்கவில்லை. "வலது செருப்போட சண்டை போட்டுட்டுப் போயிருக்கும்லா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று வாரத்தில் அந்தக் காலின் சுண்டுவிரல் கறுத்தது.

பதினெட்டு வருடச் சர்க்கரை. அதில் பாதி, கடைக்காரன் தேத்தாரிக் டீயில் ஊற்றிய இனிப்புப் பால். மீதி, நான் ஊற்றச் சொன்ன பால். அதோடு தினம் ஒரு பெட்டி சிகரெட். காலின் இரத்தக்குழாய்கள் அடைத்துவிட்டன. மாற்றுக் குழாய் வைக்க இடமில்லை, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்றார் அறுவை மருத்துவர்.

அதற்கு முன் ஒரு வாய்ப்பு இருந்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்குழு. இடுப்பெலும்பின் மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை (திசுக்களைப் புதுப்பிக்க உதவும் இளம் உயிரணுக்கள்) எடுத்துக் கெண்டைக்காலில் ஊசி போடுவார்கள். புதிய நுண்குழாய்கள் முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம்.

அந்தக் குழுவின் டாக்டர் மீராவுக்கு என் மகள் வயதிருக்கும். "செல்லுக்குள்ள ரொம்பச் சின்ன இரும்புத் துகள் வச்சு அனுப்புவோம், அங்கிள். எம்.ஆர்.ஐ. படத்துல (காந்தப்புலத்தால் உடலின் உள்ளே பார்க்கும் முறை) கறுப்பாத் தெரியும்."

"அப்ப ஜிபிஎஸ் மாட்டி அனுப்புறீங்க."

"கிட்டத்தட்ட. ஆனா அங்கிள், அந்தக் கறுப்பு…"

"என் வேலையே அதான் டாக்டர்! உங்க செல்லுங்க ஓவர்டைம் கேட்டா குடுக்காதீங்க!"

கிள்ளான் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் லோரிகளைத் திரையில் கண்காணித்தவன் நான். அவர் மேலே ஏதோ சொன்னார். நான் அடுத்த ஜோக்கைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

ஊசி போட்ட பிறகு எடுத்த முதல் படத்தில் கெண்டைக்காலில் கறுப்புப் புள்ளிகள். ஒரு மாதம் கழித்தும் அதே இடத்தில் இருந்தன. திரையைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன்: "என் ஆளுங்க எல்லாரும் டூட்டியில இருக்காங்க." பினாங்கிலிருந்து மகன் கட்டைவிரலை உயர்த்தினான்.

கமலா மட்டும் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள்: "ஆளுங்க இருக்காங்க சரி. கால் ஏன் ஐஸ் மாதிரி இருக்கு?"

பக்கத்து விரலும் கறுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் செல்வம் நினைவுக்கு வந்தான். என்னிடம் ஓட்டுநராக இருந்தவன். அவன் லோரி பந்திங் ஊரில் ஒழுங்காக ஓய்வெடுப்பதைத் திரையில் பார்த்து, எல்லார் முன்னிலையிலும் அவனைப் பாராட்டினேன். பந்திங்கில் இருந்தது ஜிபிஎஸ் பெட்டி மட்டும். மீ கோரிங் நூடுல்ஸ் கடை அலமாரியில். லோரி கோலாலம்பூர் செந்தூலில் அவன் மச்சானுக்கு வீடு மாற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை மீராவிடம் கேட்டேன்: "டாக்டர், செல் செத்துட்டா அந்த இரும்பு எங்க போகும்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அங்கேயே இருக்கலாம், அங்கிள். செத்த செல்லை உடம்போட துப்புரவு அணுக்கள் முழுங்கிடும். இரும்பும் அதுக்குள்ள போயிடும். படத்துல ரெண்டும் ஒரே கறுப்புதான்."

"இதை முன்னாடியே…"

"முதல் நாளே சொன்னேன். நீங்க ஓவர்டைம் ஜோக் சொல்லிட்டு இருந்தீங்க."

"இவர் வாய் நின்னாதான் எனக்குப் பயமா இருக்கு, டாக்டர்" என்றாள் பக்கத்தில் இருந்த கமலா.

இதே வழியில் நிற்பவர்களுக்குச் சொல்கிறேன்: புள்ளி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் செல் உயிரோடு இருப்பது எப்படித் தெரியும் என்றும் கேளுங்கள். பிறகு பதில் முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். எனக்குக் கடினமாக இருந்தது வாயை மூடுவதுதான்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். அந்தப் புண் ஆறினால் கால் மிஞ்சும், ஆறாவிட்டால் இல்லை. "இனிப் படத்தைவிட பாதத்தோட சூட்டையும் புண்ணோட ஓரத்தையும் பாருங்க" என்றார் மீரா.

தினமும் காலையில் கமலா புறங்கையை என் பாதத்தில் வைத்தாள். "நேத்து மாதிரிதான்." பல வாரம் அதே சொல். ஒரு நாள் கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தது. பத்து நாள் கழித்து, குதிகாலில் ஊசி குத்தியதுபோல ஒரு வலி. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் கால் என்னிடம் பேசியது. "ஐயோ" என்று கத்தினேன், சந்தோஷமாக.

"செல்லால இருக்கலாம். மருந்தால இருக்கலாம். நீங்க சிகரெட்டை விட்டதால இருக்கலாம். சொல்ல முடியல, அங்கிள்" என்றார் மீரா. இம்முறை கடைசிச் சொல்வரை கேட்டேன்.

புண் இன்னும் முழுதாக மூடவில்லை. நாட்காட்டியில் எனக்கு இப்போது மாதங்கள் இல்லை. நேற்றும் இன்றும் மட்டும்தான். நேற்றைவிட இன்று சூடா என்பதே கணக்கு. கமலாவின் கை வந்த பிறகுதான் என் நாள் தொடங்குகிறது.

"சூடா இருக்கா?"

"இருங்க. என் கை ஈரமா இருக்கு. துடைச்சிட்டு வரேன்."

சொல்வதற்கு ஒரு ஜோக் நுனிநாக்கில் இருக்கிறது. அவள் கை வரட்டும் என்று பேசாமல் படுத்திருக்கிறேன்.