ஏரியலுக்குக் கீழே ஓனரம்மா

ஹாம் ரேடியோக்காரனுக்கு ஊரெல்லாம் சிநேகிதர்கள் இருப்பார்கள். அவன் ஏரியலுக்குக் கீழே குடியிருப்பவர் மட்டும் சிநேகிதராக இருக்க மாட்டார். மொட்டை மாடியில் கம்பி கட்டி ஏச்சு வாங்கிய அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்கப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ளும் கூட்டம் நாங்கள். புயல் மழையில் டெலிபோன் படுத்துவிட்டால் சேதி கடத்துவோம். சம்பளம் கிடையாது.

சாமி முகத்தில் கோடு

எண்பதுகளின் கடைசியில் பாக்டரி வேலைக்காக ஓசூர் வந்து, ஒரு மாடி வீட்டில் குடியேறினேன். கீழே ஓனரம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எவ்வளவு கோபம் வந்தாலும் 'நாயனா' என்று செல்லமாகத்தான் கூப்பிடுவார். ஞாயிறு காலை எங்கள் குழு வானில் கூடும் நேரமும் டிவியில் சாமி தொடர் ஓடும் நேரமும் ஒன்றாகப் போனது என் ஜாதகம். நான் மைக்கை அழுத்தினால் அவர் டிவியில் கோடு கோடாக ஓடும். அதனால் மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஒருநாள் வாய் சும்மா இராமல் வணக்கம் சொல்லித் தொலைத்தேன். ஓனரம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"இன்னொரு வாட்டி சாமி மூஞ்சில கோடு வந்துச்சு, ஏரியலோட சேந்து நீயும் எறங்கிக்க நாயனா."

கிருஷ்ணகிரி மௌனம்

வானில் பேச வழியில்லாதவன் நேரிலாவது பேசலாம் என்று எங்கள் குழுவின் கிருஷ்ணகிரி சந்திப்புக்குப் போனேன். ஓட்டல் மேஜையைச் சுற்றி எல்லோரும் வந்தாயிற்று. குழுவை நடத்தும் பேட்டரிக் கடை முனிராஜ் மட்டும் வரவில்லை. நடத்துபவர் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது வானில் எங்கள் கட்டுப்பாடு. பழக்கதோஷம், தரையிலும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் தலையாட்டுவதுமாக நேரம் போயிற்று. சர்வர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, மெதுவாகக் குனிந்தார்.

"மௌன அஞ்சலி முடிஞ்சதும் சொல்லுங்க சார், காபி போடச் சொல்றேன்."

ஜூஜுவாடி வேட்டை

அதன்பின் ஒரு சந்திப்பையும் நான் விட்டதில்லை. ஒரு தடவை சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்றை எங்கோ ஒளித்துவைத்து, அதைக் கண்டுபிடிக்கும் போட்டி நடத்தினோம். கையில் ஏரியலைத் தூக்கிக்கொண்டு, சத்தம் வரும் திசையில் நடக்க வேண்டும். நான் நடந்து நடந்து கர்நாடக எல்லையில் ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் போய் நின்றேன். லாரிகளையெல்லாம் விட்டுவிட்டு ஒரு போலீஸ்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். முனிராஜ் ஓடி வந்து, லைசென்ஸைக் காட்டி, தமிழிலும் கன்னடத்திலும் விளக்கினார். போலீஸ்காரர் என் ஏரியலை மேலும் கீழும் பார்த்தார்.

"அதெல்லாம் சரி, எங்க வூட்டு டிவி பெங்களூரு ஸ்டேஷன் எடுக்க மாட்டேங்குது, வந்து ஏரியலத் திருப்பி வெச்சுட்டுப் போங்க."

அஞ்செட்டி மழை

ஒரு மழைக்காலத்தில் அஞ்செட்டிப் பக்கம் ரோடு அறுத்துக்கொண்டு போய் பஸ் நின்றது, டெலிபோனும் போயிற்று. முனிராஜ் கார் பேட்டரியும் செட்டுமாக ஜீப்பில் கிளம்பினார். ஓசூரில் யார் பேசுவது என்றபோது, சந்திப்புகளில் கூடிக் கூடி வந்த தைரியத்தில் நான் கை தூக்கிவிட்டேன். விடிந்தால் ஞாயிறு. காலையில் மைக்கை அழுத்தினேன். கீழே சாமி தொடர் கரகரத்தது. படியில் காலடிச் சத்தம். வீடு போச்சு என்று நினைத்துக்கொண்டேதான் பேசினேன்.

ஓனரம்மா வாசலில் வந்து நிற்கவும், முனிராஜ் குரல் வரவும் சரியாக இருந்தது: "இங்க ஸ்கூல்லதான் ஜனங்க தங்கியிருக்காங்க. லட்சுமி டீச்சர் நல்லாருக்காங்களாம். ஓசூர்ல அவங்கம்மாவுக்குச் சொல்லிடுங்க." லட்சுமி ஓனரம்மாவின் ஒரே மகள். அங்கே வேலை பார்க்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். திட்ட வந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டிவி கெடக்குது வுடு, அவ சாப்ட்டாளான்னு கேளு நாயனா."

அதற்கப்புறமும் எனக்கு ஏச்சு நின்றபாடில்லை: ஞாயிற்றுக்கிழமை டிவியில் கோடு விழாமல் இருந்தால், நான் மைக்கைத் தொடாமல் தூங்குகிறேன் என்று ஓனரம்மா மாடியேறி வந்துவிடுவார்.