ராஜ்கமலுக்குப் போட்ட வாய்க்கரிசி

பேய்க் கதை என்றால் நடுச்சாமம், புளியமரம், நாய் ஊளை எல்லாம் எதிர்பார்ப்பீர்கள். என்னிடம் அதெல்லாம் கிடையாது. இது பங்குனி வெயிலில், பட்டப்பகலில், ஊரே பார்க்க நடந்தது. நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். திண்டுக்கல்லுக்கும் அகரத்துக்கும் நடுவில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் இருதயநாதன். திண்டுக்கல்காரன். போர்முனையில் படம் எடுப்பது என் தொழில். செத்தவர்களை நிறைய எடுத்திருக்கிறேன். எனக்கு மனசு மரத்துப் போய்விட்டது என்று என் மனைவி சொல்லுவாள். உண்மைதான். அதனால் சின்னச் சத்தத்துக்கெல்லாம் பயப்படுகிற ஆள் சொல்கிற கதை இது என்று நினைக்க வேண்டாம்.

அந்த வருடம் வடக்கே பனிமலையில் ஒரு ராணுவப் பிரிவோடு தங்கியிருந்தேன். மேலே ஒரு காவல் சாவடியில் இரண்டு வீரர்கள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களை மீட்க ஏழு பேர் கிளம்பினார்கள். நானும் பின்னால் போனேன். பாதி வழியில் பனி சரிந்தது. சாவடி வரைக்கும் யாரும் போய்ச் சேரவில்லை. ஏழு பேரில் ஆறு பேர் திரும்பினார்கள். ஏழாவது ஆள் ராஜ்கமல், எங்கள் பக்கத்துப் பையன். நான்கு நாள் தோண்டிப் பார்த்தார்கள். மறுபடியும் சரியும் போலிருந்ததால் நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்ல சுபேதார் சடையாண்டியை அனுப்பினார்கள். அவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். நானும் கூடவே வந்தேன். சவப்பெட்டி இல்லை, கொடி இல்லை. ராஜ்கமலின் கறுப்பு டிரங்குப் பெட்டி மட்டும்தான் இருந்தது.

அவனுடைய அம்மா ராமுத்தாய் தோட்டத்தில் கனகாம்பரம் பறித்துக்கொண்டிருந்தார். மடியில் பூவோடு வந்து நின்றார். சுபேதார் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"உடம்பு எங்க?"

"கெடைக்கலீங்கம்மா."

"அப்ப எம்புள்ள இருக்கான்."

அவ்வளவுதான். திரும்பிப் போய் மிச்சப் பூவையும் பறிக்க ஆரம்பித்துவிட்டார். நான் காமிராவை எடுத்தேன், உள்ளே வைத்துவிட்டேன்.

சிக்கல் ஊர்த் திருவிழாவால் வந்தது. வெள்ளிக்கிழமை ஊர்ச் சாமிக்குக் காப்புக் கட்ட நாள் குறித்திருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் சாவுக் காரியம் எதுவும் செய்யக் கூடாது. காரியம் முடியாத சாவு வீடு ஊருக்குள் இருந்தால் காப்பே கட்டக் கூடாது. தாய்மாமன் வீரப்பன் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார்.

"படத்த வச்சு வாய்க்கரிசி போட்டு முடிச்சுருவோம்க்கா. ஊரே நம்ம வீட்டுக்காக நிக்குதுல்ல."

"உசுரோட இருக்கவன் வாயில அரிசி போடச் சொல்றியா? போட்டா அவன் கதி என்னடா ஆகும்?" என்றார் ராமுத்தாய்.

ஆனாலும் படம் வேண்டும் என்று வீரப்பன் என்னிடம் கேட்டார். அம்மாவுக்கும் அவன் முகத்தைப் பார்க்க ஆசை. என்னிடம் ஒன்று இருந்தது. மீட்கக் கிளம்பிய அன்று காலையில் எடுத்தது. நேராக என்னைப் பார்த்து நிற்கிறான். உதடு லேசாகத் திறந்திருக்கும்.

மறுநாள் திண்டுக்கல் பஸ் நிலையத்துப் பக்கம் தெரிந்த ஸ்டுடியோவில் கொடுத்தேன். கடைக்காரர் பிரபு வழக்கம்போலக் கேட்டார்.

"கோட்டு மாட்டிவிட்ரவாண்ணே? கீழ வெளக்கு வச்சுரவா?"

"ஒண்ணும் வேணாம். இருக்கிறபடி பிரேம் போட்டுக் கொடு."

டீ குடித்துவிட்டு வருவதற்குள் தயாராக இருந்தது.

"வாய்கிட்ட வெள்ளையாப் பொகை மாதிரி கெடந்துச்சுண்ணே. சுத்தமா எடுத்துட்டேன்."

அது அவன் விட்ட மூச்சு. பனியில் மூச்சு அப்படித்தான் தெரியும். திரும்பப் போடச் சொல்லலாம் என்று நினைத்தேன். அலுப்பாக இருந்தது. வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் படத்தை மடியில் வைத்திருந்தேன். தொடை சில்லென்றது. ஏசி கடையிலிருந்து எடுத்து வந்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அகரம் பிரிவில் இறங்கும்போதும் சில்லென்றுதான் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

கூடத்தில் நாற்காலி போட்டுப் படத்தை வைத்தார்கள். மாலை போட ராமுத்தாய் விடவில்லை. பொட்டும் வைக்க விடவில்லை. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வந்து பாரு."

படத்தில் அவன் வாய் இருந்த இடத்தில், கண்ணாடியில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புகை படிந்திருந்தது. துண்டால் துடைத்தேன். போகவில்லை. உட்பக்கம்.

"புதுப் பிரேமு, ஈரம் மாட்டிருக்கும்," என்றார் வீரப்பன்.

புகை தானாக மறைந்தது. மறுபடி வந்தது. அதே இடம்... மறைந்தது... வந்தது.

ராமுத்தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மூச்சு விடுறான்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். சுபேதார் என்னை வாசலுக்குக் கூட்டிப் போனார். குண்டுச் சத்தத்துக்கு அசையாத மனிதர். செருப்பு மாட்ட மறந்து வெயிலில் நின்றார்.

"ஏனுங்க நாதன், ஈரம் இப்படி வந்து வந்து போகுமுங்களா?"

"போகாது."

"பையன் வந்து நிக்கிறானுங்க. வாய்க்கரிசி கேக்குறான். போட்டு அனுப்பிச்சுரோணுமுங்க."

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. வேறு எப்படிப் படும்?

ராமுத்தாய் யார் பேச்சையும் கேட்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலில் அழுகை இல்லை.

"இவுக யாரும் அங்கிட்டு இல்ல. நீ கூட இருந்தவன். எங்கிட்ட மறைக்காத அப்பு. எம்புள்ள இருக்கானா, இல்லையா?"

அந்தச் சரிவைப் பார்த்தவன் நான். மூன்று ஆள் உயரத்துக்குப் பனி. அதற்குள் ஒரு மணி நேரம்கூட யாரும் தாங்க முடியாது.

"இல்லம்மா."

எழுந்து படத்துக்கு எதிரே போய் நின்றார்.

"அப்ப வாசல்ல வந்து பசியோட நிக்கிறான். விடியவும் போட்டுருவோம்."

அடுத்த நாள், புதன்கிழமை. வாசலில் பந்தல். பலகையின் மேல் படம். ராமுத்தாய் தன் கையாலேயே மாலையைப் போட்டார். முறத்தில் பச்சரிசி வந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. காமிராவைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மணி பதினொன்றே கால்.

பங்காளி வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகப் படத்தைச் சுற்றி வந்து போட்டார்கள். அரிசி கண்ணாடியில் பட்டுச் சறுக்கி விழுந்தது. சலசலவென்று சத்தம்.

புகை வந்து வந்து போனது. நேற்றைவிட வேகமாக.

கடைசியாக ராமுத்தாய். கையை நிறைத்து அள்ளினார். படத்தின் வாயருகே கொண்டுபோனார்.

"சாப்புடு சாமி."

அழுத்திப் போட்டார்.

அந்த அரிசி சறுக்கவில்லை.

ஒரு மணிகூடக் கீழே விழவில்லை. அவர் கையை எடுத்தார். கண்ணாடியில் அரிசி இல்லை. பலகையிலும் இல்லை.

லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தது நான்.

அப்போதுதான் அந்தச் சத்தம்...

க்... க்...

இருமல். அடைத்த இருமல். கூட்டத்தில் யாரோ என்று எல்லோரும் திரும்பினார்கள்.

கூட்டத்தில் யாரும் இருமவில்லை.

க்...

கண்ணாடி முழுக்கப் புகை. முகம் தெரியவில்லை.

டொக்.

உள்ளேயிருந்து.

டொக்... டொக்...

பிறகு ஒன்றும் இல்லை.

புகை மெதுவாக விலகியது. மறுபடி வரவில்லை. நான் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி வெயிலில் சுட்டது. மணி பதினொன்று இருபத்தைந்து.

"போயிட்டான்," என்றார் வீரப்பன். "வாங்கிக்கிட்டு நல்லபடியாப் போயிட்டான்."

எல்லோருக்கும் ஒரு நிம்மதி. சுபேதார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராமுத்தாய் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினார்கள். திருவிழா நன்றாக நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அன்று எடுத்த நாற்பது படங்களையும் நான் யாருக்கும் அனுப்பவில்லை.

ஆனி மாதம் பனி உருகியது. சுபேதார் சடையாண்டி போனில் கூப்பிட்டார்.

"பையன் கெடைச்சுட்டானுங்க."

சரிவுக்கு அடியில் ஒரு பாறைப் பொந்து. அதற்குள் உட்கார்ந்தபடி இருந்திருக்கிறான். பனி வாசலை அடைத்ததே தவிர மேலே விழவில்லை. சாவடிக்காரர்களுக்காக எடுத்துப்போன பிஸ்கட், சாக்லேட் எல்லாம் அவன் பையில்தான் இருந்தது. உறைகள் காலியாகக் கிடந்தன. பனியை உருக்கிக் குடித்திருக்கிறான்.

"எத்தன நாள் இருந்திருப்பான்?"



"டாக்டர் எட்டு ஒம்பது நாளுங்கிறாரு."

நாங்கள் அரிசி போட்டது பனி சரிந்த ஒன்பதாம் நாள்.

"குளிர்லயா போனான்?"

"இல்லீங்க. மூச்சடைச்சு. டாக்டருக்கே வெளங்கலைங்க. அவன் கொண்டுபோன சாமான்ல அரிசியே கெடையாதுங்க... தொண்ட நெறையப் பச்சரிசிங்க, நாதன்."

இந்த முறை பெட்டி வந்தது. கொடி வந்தது. துப்பாக்கி முழங்கியது. டாக்டர் சொன்னது எனக்கும் சடையாண்டிக்கும் மட்டும்தான் தெரியும். ராமுத்தாய் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். அரிசி போட்ட அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லையாம். உடம்பு இல்லாமல் போட்ட அரிசி பையனுக்குச் சேர்ந்ததோ இல்லையோ என்று அதே நினைப்பாம். வீரப்பன் சொன்னார்.

என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொன்னாத்தான் நம்புவேன், அப்பு. அன்னைக்கு நான் போட்ட அரிசி எம்புள்ள வாய்க்குப் போய்ச் சேந்துச்சா?"

சடையாண்டி எழுந்து வெளியே போய்விட்டார்.

"சேந்துச்சும்மா," என்றேன்.

ராமுத்தாய் பெட்டியைத் தடவிக் கொடுத்தார். முகம் தெளிந்தது.

"அப்பப் பசியோட போகல," என்றார்.