இரண்டு சுழி, ஒரு பெட்டி

தேர்தல் வேலைக்கு நான் முதன்முதலாகப் போனது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், அஹுன்ட்சிக் என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூட ஜிம்முக்கு. எங்கள் கெபெக் மாகாணம் கனடாவை விட்டுப் பிரியவேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அப்போதும் எல்லார் வாயிலும் இருந்த கதை. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இங்கே ஒரு மேசைக்கு இரண்டு பேர். ஒருவரை ஒரு கட்சி அனுப்பும், மற்றவரை அதன் எதிர்க்கட்சி அனுப்பும். சண்டைபிடித்த சம்பந்திகளை ஒரே பந்தியில் இருத்தின மாதிரி.

என்னை அனுப்பியது பிரியவேண்டாம் என்ற கட்சி. பக்கத்தில் ஜினெட், ஓய்வுபெற்ற தாதி. அவரை அனுப்பியது பிரியவேண்டும் என்ற கட்சி. அவர் மேசைக்குப் பொறுப்பு, நான் எழுத்து வேலை.

மேசையில் அரசியல் பேசக்கூடாது. அதனால் வீட்டுக்கதை பேசினோம்.

"என் மகள் தனிவீடு போய்விட்டாள். என்ன குடியா முழுகிப்போனது? ஞாயிறுதோறும் சாப்பிட வருகிறாள்" என்றார் ஜினெட்.

"போகும்போது அடுப்பையும் கழற்றிக்கொண்டு போயிருந்தால்?" என்றேன்.

"அது அவளுடைய அடுப்பு, மிஸ்யூ!"

அதற்குள் வாக்காளர் வந்துவிடுவார். இருவரும் ஒரே குரலில் "போன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வோம். நான் பிறந்த நாட்டில் இதே கேள்விக்காக ஊர்கள் எரிந்தன. இங்கே அதற்கு ஒரு பென்சில் போதுமாக இருந்தது. அதை நினைக்க எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

மத்தியானம் எனக்குத் தெரிந்த சிவபாதம் அண்ணை மனைவி யோகமக்காவோடு வந்தார். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) புதுக் குடியுரிமை, முதல் வாக்கு, நெற்றி நிறையத் திருநீறு.

"தம்பி, எங்கட வீட்டில ரெண்டு வோட்டும் ஒண்டுக்குத்தான்!"

"ஐயோ அண்ணை, இஞ்ச அது கதைக்கப்படாது" என்று அடக்கினேன். யோகமக்கா வாய் திறக்காமல் வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனார்.

வாக்களிப்பு முடிந்து, பெட்டியைத் திறந்து எண்ணினோம். நடுவில் ஜினெட்டின் கை நின்றது. என் கட்சிக்கு விழுந்த சீட்டு. வட்டத்துக்குள் ஒழுங்கான புள்ளடி, பெருக்கல் குறிபோல. அதன் தலையில், சின்னதாக, ஒரு பிள்ளையார் சுழி!

"இது என்ன? ஆளை அடையாளம் காட்டுகிற குறி இருந்தால் சீட்டு செல்லாது" என்றார்.

யாரோ பயபக்தியோடு போட்ட வாக்கு, அந்தப் பக்தியாலேயே வீணாகப்போகிறது.

"இது ஆளின் அடையாளம் இல்லை. நல்ல காரியம் தொடங்கினால் எங்கள் ஆட்கள் போடுவது. கடைச் சாமான் லிஸ்டுக்குக்கூடப் போடுவோம்."

"யார் என்று தெரியுமா?"

"தெரியாது. இன்றைக்கு ஏழெட்டுத் தமிழர் வந்தார்கள். எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு."

ஜினெட் நம்பவில்லை. சீட்டைத் தனியே தள்ளிவைத்தார். நாலைந்து சீட்டு கழித்து இன்னொரு சுழி வந்தது. கீழே புள்ளடி ஜினெட்டின் கட்சிக்கு.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பும்படி சிரித்தோம்.

"உங்கள் கடவுள் எந்தக் கட்சி?"

"அவர் இரண்டு வீட்டிலும் கொழுக்கட்டை சாப்பிடுவார்."

"அப்படியென்றால் இரண்டும் செல்லும்" என்றார் ஜினெட். செல்லுமென்றே எழுதினேன். அவருடைய கட்சிச் சீட்டு முதலில் வந்திருந்தால் நான் இப்படி வாதாடியிருப்பேனா? சத்தியமாகத் தெரியாது. அன்றிலிருந்து, சீட்டு யாருக்கு என்று பார்க்கமுதல் செல்லுமா என்று பார்க்கப் பழகினேன்.

அந்தச் சனிக்கிழமை தமிழ்க் கடையில் அண்ணையையும் அக்காவையும் கண்டேன்.

"தம்பி, நான் பிள்ளையார் சுழி போட்டுத்தான் புள்ளடி போட்டனான். மனிசிக்கும் சொல்லிக் குடுத்தனான், அவவும் அப்பிடியே போட்டவ. ரெண்டும் பிரியவேண்டாம் எண்டவைக்கு! என்னப்பா?"

"ஓமப்பா" என்றார் யோகமக்கா, முருங்கைக்காயைப் பார்த்தபடி.

பெட்டிக்குள் இருந்தது இரண்டே இரண்டு சுழி. சட்டென்று அக்கா நிமிர்ந்தார். எண்ணினது நான் என்று அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும்.

"ஓம் அண்ணை, எல்லாம் நல்லபடி எண்ணியாச்சு" என்றேன்.

அக்கா மூச்சுவிட்டார். "தம்பி, ஞாயிற்றுக்கிழமை வீட்ட சாப்பிட வாங்கோ."

போனேன். கெபெக் ஏன் பிரியக்கூடாது என்று அண்ணை ஒரு மணித்தியாலம் விளக்கினார். நான் வாயே திறக்கவில்லை. இந்த வேலையில் பாதி அதுதான். அக்கா எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார்.