மூன்று நாள் திறக்காத புட்டி

பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. குண்டூசிகள் போட்டு வைத்திருக்கிறேன். லேபிள் பாதி உரிந்துவிட்டது. கால்சியம் என்ற ஆங்கில எழுத்துகள் மட்டும் இன்னும் தெரிகின்றன. எங்கள் குடும்பத்தில் அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவள் அன்று நான் ஒருத்திதான். அதனால்தான் அம்மா சாகக் கிடந்தாள்.

கும்மிடிப்பூண்டி அரிசி ஆலையில் நெல் அவிக்கும் வேலை அம்மாவுக்கு. கூடையைத் தூக்கும்போது கை எலும்பு முறிந்தது. அது கூடுவதற்குள் விலா. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் அவள் விரல் எலும்புகள் கரையான் தின்ற குச்சிகள்போல் இருந்தன. கழுத்துக்குள் பயறளவே இருக்க வேண்டிய பாராதைராய்டு சுரப்பி ஒன்று புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்து, எலும்பின் சுண்ணாம்புச் சத்தையெல்லாம் ரத்தத்துக்கு இழுத்துக்கொண்டிருந்ததாம். ரத்தத்தில் கால்சியம் அதிகம், பால் கூடாது, வெற்றிலைக்குச் சுண்ணாம்பும் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பத்தாம் வகுப்பில் இருந்த நான் தெருவுக்கே படித்துக் காட்டினேன். அம்மாவின் சுண்ணாம்பு டப்பாவை நானே குட்டையில் எறிந்தேன்.

அந்தச் சுரப்பியை எடுத்த ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் ஒரு தாளும் இந்த மாத்திரைப் புட்டியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தாளை நான் பிரிக்கவில்லை. புட்டியில் கால்சியம் என்று கண்டதும் பரணில் ஏற்றிவிட்டேன்.

“நர்சம்மா மூணு வேளையும் துண்ணச் சொல்லிச்சே கண்ணு” என்றாள் அம்மா.

“அது ஒனக்கு ஆவாதும்மா. வேற யாருதையோ மாத்திக் குட்த்துட்டாங்க. நான் படிச்சிக்கிறேன் இல்ல?”

“சரி, நீ படிச்சவ.”

இரண்டாம் நாள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றாள். மூன்றாம் நாள் காலை அவள் விரல்கள் ஐந்தும் கோழி அலகுபோல் குவிந்து விறைத்தன. வாய் கோணிக்கொண்டது. பேய்க்காற்றுச் சேட்டை என்றார்கள் பக்கத்து வீட்டார். அப்பா கயிற்றுக் கட்டிலோடு அவளைத் தூக்கச் செய்து ரயிலடி டாக்டரிடம் கொண்டுபோனார். புட்டியோடும் தாளோடும் நான் பின்னால் ஓடினேன்.

தாளைப் பிரித்துப் படித்த டாக்டர், நரம்பில் மெதுவாக ஊசி மருந்தை ஏற்றினார். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. சுரப்பியை எடுத்துவிட்டால், அத்தனை வருஷம் பட்டினி கிடந்த எலும்பு ரத்தத்தில் இருப்பதையெல்லாம் வாரி உறிஞ்சித்தான் ஆறுமாம். அதுவரை வெளியிலிருந்து அதற்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். சொல்லிவிட்டு, மூடி திறக்காத புட்டியையும் என்னையும் பார்த்தார்.

“மாத்திரை ஏன் கொடுக்கல?”

கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் குழறி வந்தது.

“நாந்தான் மறந்துட்டேன் சார். எம்பொண்ணு படிச்சது. சொல்லிக்கினேதான் இருந்திச்சு.”

குவிந்த விரல்களைக் கண்டபோதுகூட நான் அப்படி அதிர்ந்துபோகவில்லை.

அடுத்த வருஷம் எடுத்த எக்ஸ்ரேயில் விரல் எலும்புகள் நிரம்பி வெள்ளையாக இருந்தன. நன்றாகப் பார்த்துக்கொண்டதாக மெட்ராஸ் டாக்டர் என்னைப் பாராட்டினார். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.

இன்று குண்டூசி எடுக்க மூடியைத் திருகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாராட்டு நினைவுக்கு வருவதில்லை. ரயிலடி டாக்டரிடமிருந்து திரும்பிய அன்று மாலைதான் வருகிறது. யாரும் இல்லாத நேரம் பார்த்து அம்மா இந்தப் புட்டியையும் தாளையும் என் மடியில் வைத்தாள்.

“இன்னா எழுதிக்கீது, முழுசா படி கண்ணு.”

கடைசி வரி வரைக்கும் படித்தேன். நான் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு மாத்திரைக்கு வாயைத் திறந்தாள்.