பார்க்காதவர்கள் பெஞ்சு

ஒரு படத்தைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டுமானால் அதில் எவ்வளவு பார்த்திருக்க வேண்டும்?

என் பெரியம்மா இதை ஒரு பேருந்து நிறுத்தத்தில் வைத்துக் கேட்டாள். முழுசாகத்தான், இதில் என்ன சந்தேகம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

பெரியம்மா ஒரு சட்டைத் தையல் கடையில் காஜா எடுப்பவள். பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி நெருக்கமாக நூல் கட்டுவதுதான் காஜா. முப்பது வருடமாக அதே கடை, அதே முக்காலி, அதே ஜன்னல். வேலை செய்யும்போது அவள் கண் துணியில் இருக்கும், காது தெருவில் இருக்கும். தலையைத் தூக்காமலே, "தபால்காரர் செருப்ப மாத்திட்டார்" என்பாள். எட்டிப் பார்த்தால் அவர் காலில் புதுச் செருப்பு இருக்கும். காது அவளுக்கு எப்படி இவ்வளவு கூர்மையானது என்று நான் யோசித்ததில்லை.

நான் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் தெருவுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். என் தொல்லை தாங்காமல் அம்மாதான் என்னைப் பெரியம்மாவோடு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அனுப்பினாள். போன முதல் வாரமே நானும் அதில் விழுந்துவிட்டேன்.

அந்தக் கூட்டம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் நடக்கும். மதியம் மூன்று மணிக்குத் தொடங்கும். கடைக்காரருக்குப் பழைய மர்மப் படங்கள் என்றால் உயிர். கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டையின் மேல் ஒரு வெள்ளைத் துணியை இழுத்து மாட்டி, அதில் படத்தைப் போடுவார். வருகிறவர்கள் ஒன்பது பேர். படம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு மர்மப் படத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசலாம். முடிவை மட்டும் சொல்லக்கூடாது. சொன்னவர் எல்லாருடைய தேநீர்க் கோப்பையையும் கழுவ வேண்டும். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் வருவார், எல்லாருக்கும் அவர் கண்டக்டர்தான். ஒருமுறை இடைவேளையில் அவர் மனம் தாங்காமல், "பாவம்ங்க அவன், அவன் ஒண்ணுமே பண்ணல" என்று சொல்லிவிட்டார். அன்று முழுக்கக் குழாயடியில்தான் நின்றார்.

அங்கே இரண்டு பெஞ்சுகள் உண்டு. அன்றைய படத்தை முன்பே பார்த்தவர்களுக்குச் சுவரோரப் பெஞ்சு. பார்க்காதவர்களுக்கு நடுவிலுள்ள பெஞ்சு. இடைவேளையில் பார்க்காதவர்கள் குற்றவாளி யார் என்று ஒரு சீட்டில் எழுதி மடித்து பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இவர்கள் முகத்தை வேடிக்கை பார்ப்பார்கள். பார்த்தவர்களுக்கு அதில்தான் இன்பம்.

பெரியம்மா மூன்று வருடமாகப் பார்த்தவர்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். அந்தக் காலத்து மர்மப் படம் எதைப் போட்டாலும் அவளுக்கு அது தெரிந்திருந்தது. அவளை எல்லாரும் பட்டனக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் பேசுகிற ஐந்து நிமிடத்துக்காகவே சிலர் சீக்கிரம் வந்தார்கள். மற்றவர்கள் கதாநாயகி முகத்தையும் நிழலையும் பற்றிப் பேசினால், இவள் மாடிப்படியைப் பற்றிப் பேசுவாள். அவளுக்கு மிகவும் பிடித்த ஒரு படத்தில் மூன்றாவது படி மட்டும் கிறீச்சிடும் என்றும், அதை மிதிக்காமல் தாண்டுகிற ஆள்தான் அந்த வீட்டை நன்றாக அறிந்த ஆள் என்றும் சொன்னாள். அந்தப் படத்தை நான்கு தடவை பார்த்த கண்டக்டர் திகைத்துப்போனார். தனக்கு அப்படி ஒரு படி இருந்ததே தெரியாது என்றார்.

ஒரு ஞாயிறு, கண்ணாடிக்கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்தார். எங்கெங்கோ எழுதிக் கேட்டு, பட்டனக்காவுக்குப் பிடித்த அந்தப் படத்தையே பிடித்துவிட்டாராம். அடுத்த வாரம் அதைத்தான் போடப்போகிறார். எல்லாரும் பெரியம்மாவைப் பேசச் சொன்னார்கள். அவள் பேசினாள். பேச்சுவாக்கில், "அந்த ஆறடி இன்ஸ்பெக்டர் வந்து நிப்பாரே" என்றாள்.

கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஸ்டூல் போட்டாத்தான் அவர் ஆறடி, அக்கா. குரல்தான் பெருசு. ஆள் இத்துனூண்டு."

எல்லாரும் அதை அவள் செய்த கேலி என்று எடுத்துக்கொண்டார்கள். அவளும் சிரித்தாள். பிறகு பேருந்து நிறுத்தத்தில்தான் வாய் திறந்தாள், அந்தக் கேள்வியோடு.

நான் விழிப்பதைப் பார்த்து அவளே சொன்னாள்.

"நான் அந்தப் படத்தப் பாத்ததே இல்ல. அந்த மாடிக்கு வர்றதுக்கு முன்னாடி எந்தப் படத்தையும் பாத்ததில்ல. எல்லாம் கேட்டதுதான்."

இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டுச் சொல்லி முடித்தாள். அவளும் என் அம்மாவும் வளர்ந்த பழைய வீட்டுப் படுக்கையறைச் சுவரும் ஒரு திரையரங்கின் சுவரும் ஒன்று. தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் போனபோது பெரியம்மாவுக்குப் பதினாறு வயது. பாட்டி அதற்கு முன்பே இறந்திருந்தாள். என் அம்மா எட்டு வயதுக் குழந்தை. தாத்தாவைத் தனியாக விட முடியாது. அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இருமினால் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அதனால் பெரியம்மா அவர் கட்டிலருகே உட்கார்ந்து கடைத் துணிகளுக்குக் காஜா எடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாளைக்கு மூன்று காட்சி ஓடியது.

தாத்தாவுக்கும் அவளுக்கும் அதுதான் உலகம். ஒரு படத்தில் யார் மேல் சந்தேகம் என்பதை இருவரும் விரலால் பேசினார்கள். ஒரு விரல் ஒருவர், இரண்டு விரல் இன்னொருவர், மூன்று விரல் வேறொருவர். தாத்தாவின் இடது கையில் அவ்வளவு தெம்பு இருந்தது.

அவளுக்குப் பிடித்த இந்தப் படம் பதினோரு வாரம் ஓடியது. அதன் கடைசிக் காட்சியில் வசனமே கிடையாது. காலடிகள் படியேறும், மூன்றாவது படி சத்தம் போடாது, கதவு திறக்கும், விளக்குக் கண்ணாடி ஒன்று விழுந்து உடையும். உடனே அரங்கத்தில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுப்பார்கள். பிறகு இசை. கதவுக்குப் பின்னால் நின்றது யார் என்று யாரும் பெயர் சொல்லவில்லை. தாத்தா ஒவ்வொரு தடவையும் மூன்று விரல் காட்டினார். பெரியம்மா ஒவ்வொரு தடவையும் இரண்டு விரல் காட்டிச் சண்டை போட்டாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் என் அம்மாவை அந்தப் படத்துக்குக் கூட்டிப்போனார்கள். அவள் ஓடி வந்து, "அக்கா, அது யாருன்னா" என்று தொடங்கியபோது, தாத்தா இடது கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினார். பிறகு பெரியம்மாவைக் காட்டி, சுவரைக் காட்டினார். நீயே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்பது அதற்கு அர்த்தம். கடைசி ஞாயிறு போவதாக அவள் வாக்குக் கொடுத்தாள். தலைவாரி வாசல்வரை போனவளைத் தாத்தாவின் இருமல் திரும்ப இழுத்தது. மறுநாள் படத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடத்தில் தாத்தாவும் போய்விட்டார். அதற்குப் பிறகு திரையரங்கையும் இடித்து வண்டி நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள்.

"எங்கம்மாகிட்டயே கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டேன். அவ மறந்துட்டா. யாரோ வெள்ளைச் சட்டை போட்டவங்கங்கறா."

மற்றவர்களிடம் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணாடிக்கடைக் கூட்டத்துக்கு வந்த முதல் நாள், இந்தப் படம் பார்த்திருக்கீங்களா என்று கடைக்காரர் ஏதோ ஒரு படத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவளுக்கு அதன் ஒவ்வொரு வசனமும் தெரியும். ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். அவளைப் பார்த்தவர்கள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதோடு வாய் கட்டப்பட்டது. பார்த்தவள், யார் குற்றவாளி என்று எப்படிக் கேட்பாள்?

"சுவரோரமே உக்காந்து பாத்துடுங்க பெரியம்மா. யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றேன்.

"படம் கண்ணுக்குத் தெரியும். எனக்கு வேண்டியது அது இல்ல. அத்தனை பேரும் மூச்ச இழுக்கறப்ப நானும் அதுல ஒருத்தியா இருக்கணும். சுவரோரம் உக்காந்தா இந்தப் பக்கமும் சுவருதான்."

ஆனால் நடுப்பெஞ்சில் போய் உட்கார்ந்தால் மூன்று வருடம் பேசியதெல்லாம் பொய் என்றாகிவிடும். உலகத்தில் அவளை ஆவலோடு பார்க்கிற ஒரே இடம் அந்த மாடி. அந்த வாரம் முழுக்க அவள் ஊசியைக் கையில் குத்திக்கொண்டாள். ஒரு சட்டைக்குத் தவறான பக்கத்தில் காஜா எடுத்துத் தையற்காரரிடம் பேச்சு வாங்கினாள். முப்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

ஞாயிறு வந்தது. கண்ணாடிக்கடைக்காரர் சுவரோரப் பெஞ்சில் அவளுக்காக ஒரு தலையணை போட்டு வைத்திருந்தார். பெரியம்மா மாடியேறி வந்தாள், தலையணையைப் பார்த்தாள், நடுப்பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ரூட் மாறி ஏறிட்டீங்க" என்றார் கண்டக்டர்.

"இல்ல தம்பி. சரியாத்தான் ஏறியிருக்கேன். நான் இந்தப் படத்தப் பாத்ததில்ல."

சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. அவள் சுவரைப் பற்றிச் சொன்னாள். நாலே வாக்கியம்தான். தாத்தாவின் விரல்களைப் பற்றிச் சொல்லவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு தலை குனிந்தாள். கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"எத்தன தடவ கேட்டீங்க?" என்று கண்டக்டர்தான் கேட்டார்.

"மூணு காட்சி. பதினோரு வாரம்."

கண்டக்டருக்குக் கணக்கு நாக்கு நுனியில் இருக்கும். "இருநூத்தி முப்பத்தொண்ணு" என்றார். "நான் நாலு தடவ பாத்துட்டு பெரிய ஆள் மாதிரி சுவரோரம் உக்காந்திருக்கேன்." கொஞ்சம் பொறுத்து, "மூணு வருஷமா எங்களுக்கே சஸ்பென்ஸ் வெச்சிட்டீங்களேக்கா" என்றார். பெரியம்மா தலை நிமிர்ந்தாள்.

கேட்டவர் சீட்டு எழுதலாமா என்று அடுத்த கால் மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கேட்டது பார்த்தது ஆகாது, எழுதலாம் என்று கடைக்காரர் முடிவாகச் சொன்னார். எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை.

படம் ஓடியது. பெரியம்மா அதை முதல் தடவை பார்த்தாள். இன்ஸ்பெக்டர் வந்து நின்றபோது, "இவரா?" என்று என் காதில் கேட்டாள். அவளுடைய உதடுகள் வசனங்களுக்கு முன்னாலேயே அசைந்தன. இடைவேளையில் சீட்டு எழுதி டப்பாவில் போட்டாள். கடைசிக் காட்சி வந்தது. காலடிகள் ஏறின. மூன்றாவது படியில் அவள் என் கையைப் பிடித்தாள். பழக்கத்தில் கண்ணை மூடிவிடுவாளோ என்று பயந்தேன். மூடவில்லை. கதவு திறந்தது, விளக்குக் கண்ணாடி உடைந்தது, நடுப்பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் மூச்சை இழுத்தோம். அவளும் இழுத்தாள். எல்லாரையும்விட நீளமாக.

கடைக்காரர் சீட்டுகளைப் பிரித்தார். ஒரே கையெழுத்தில் இரண்டு இருந்தன. ஒன்று தப்பு, ஒன்று சரி.

"ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட்தான்க்கா" என்றார் கண்டக்டர்.

"தப்பா இருக்கறது என்னோடது. இன்னொண்ணு எங்கப்பாவோடது."

வெளியே வந்தபோது மாலை வெயில் இருந்தது. பேருந்து வேண்டாம், நடக்கலாம் என்றாள். சுற்றி வளைத்து அந்த வண்டி நிறுத்துமிடத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். பழைய வீட்டில் இப்போது யாரோ இருக்கிறார்கள். சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது, திரையரங்குப் பக்கத்துச் சுண்ணாம்புகூட அங்கங்கே ஒட்டியிருக்கிறது. அவள் முதல் தடவையாக அந்தச் சுவரை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

காவலாளி வந்து வண்டி எண் என்ன என்று கேட்டான். வண்டி இல்லை என்றாள். அப்போ எதுக்கு நிக்கறீங்க என்றான்.

"ஒருத்தருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது" என்றாள். "எழுபத்தேழு நாள் அவரோட சண்டை போட்டேன்."

அவன் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான். பெரியம்மா இடது கையைத் தூக்கி, சுவரைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினாள். கை வலிக்கும்வரை இறக்கவில்லை.

எந்த விரல் யார் என்று நான் எழுதவில்லை. எங்கள் கூட்டத்தின் விதி அது, எனக்குக் கோப்பை கழுவப் பிடிக்காது. ஆனால் மற்றதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். இதைப் படித்தவர்களே, சுவரின் படம் தெரியாத பக்கத்திலேயே இருந்துவிட்ட யாரையாவது உங்களுக்குத் தெரியுமானால், அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அவர்கள் இன்னொருவரிடம் சொல்லட்டும். குற்றவாளி யார் என்று கேட்டால், விரலை மட்டும் காட்டுங்கள்.