பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

அந்த மனிதர் கடலுக்கு அக்கரையில் உள்ள ஜுருவிலிருந்து பஸ்ஸும் பெர்ரியும் மாறி, எங்கள் அலுவலக மாடிப்படி ஏறி வந்தபோது காலை பத்து மணி இருக்கும். குயின் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடைக்கு மேலே எங்கள் கம்பெனி. தொண்ணூறுகளின் கடைசி. இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்று கேட்டதால், கிளினிக்குகள் தங்கள் நோயாளிகளின் ரிப்போர்ட்டை இணையத்திலேயே பார்க்க ஒரு புரோகிராம் செய்து கொடுத்திருந்தோம். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்திய எனக்கு, அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை.

"என் சம்சாரத்துக்கு ரிப்போட்டே வரலன்னு கிளினிக்ல மூணு வாரமா சொல்றாங்கண்ணே. லேப்ல கேட்டா, போட்டாச்சுங்குறாங்க. கம்ப்யூட்டர் கம்பெனியில கேளுன்னு அங்க நர்ஸ் மிஸ்ஸி சொல்லிச்சு. அவளுக்குக் காய்ச்சல் விடல லா."

மனைவியின் அடையாள அட்டை நகலை நீட்டினார். லெட்சுமி ஏ/பி சுப்பையா. நம்மவர் பெயர்கள் இங்கே மலாய் நாட்டில் அப்படித்தான். மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி, பிறகு அப்பா பெயர். அப்படியே தட்டினேன். "பதிவு இல்லை" என்று வந்தது. தரவுக் கோப்பையே திறந்து பார்த்தேன். ரிப்போர்ட் இருந்தது. மூன்று வாரமாக இருந்தது. 'உடனே கவனிக்கவும்' என்ற குறிப்போடு.

முதல் வேலையாகக் கிளினிக்குக்குப் போன் செய்தேன். வந்தவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதலாளி ஜமால் அண்ணன், என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். சாய்கோடு இல்லாத பெயர்கள் வருவதையும், இது மட்டும் வராததையும் அவருக்குத் தட்டிக் காட்டினேன்.

"பேருலதான் கோளாறு சாமி. அந்தக் கோட்ட எடுத்துட்டு அடிக்கச் சொல்லு லா."

"அண்ணே, ஐ.சி. அட்டையில உள்ள பேரு அது. எனக்கும் அப்படித்தான்."

"அப்ப டெஸ்ட் பண்றப்ப நீ என்ன பேரு போட்ட?"

என் சோதனைத் தாளில் அலி, ஆ சோங், முத்து என்று மூன்று பெயர்கள். மூன்று இனத்துக்கும் ஒவ்வொன்று போட்டதாகப் பெருமைப்பட்டிருந்தேன். வெறும் முத்து. அப்பன் பெயர் இல்லாத முத்து.

அந்தப் புரோகிராமின் அடித்தளம் எங்களுடையது அல்ல. வெளிநாட்டில் யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த ஃபிரேம்வொர்க். நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள். ஒன்றையும் நாங்கள் படித்ததில்லை. முருகனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இளைய பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், பிறர் எழுதிய புரோகிராமை முதல் பக்கத்திலிருந்து படித்தால் தொலைந்து போவீர்கள். நான் லெட்சுமியின் பெயரை மட்டும் பின்தொடர்ந்தேன். அது எந்தக் கோப்புக்குள் போகிறதோ அங்கெல்லாம் அதைத் திரையில் காட்டும் ஒரு பிரிண்ட் வரி செருகி, பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். ஐந்து இடத்தில் முழுசாக இருந்தது. ஆறாவது இடத்தில் 'லெட்சுமி ஏ' என்று நின்றது.

தேடும் பெயர் இணைய முகவரிக்குள் சேர்ந்துதான் போகும்; அங்கே சாய்கோடு என்றால் வெட்டும் இடம். அதனால் பெயரில் உள்ள கோட்டை பிரவுசர் ஒரு குறியீடாக மாற்றித்தான் அனுப்புகிறது. இந்த ஃபிரேம்வொர்க் முதலில் குறியீட்டைக் கோடாக்கிவிட்டு, பிறகு வெட்டியது. வெட்டிய பிறகுதான் மாற்றியிருக்க வேண்டும். இரண்டு வரிகள் இடம் மாறிக் கிடந்தன, அவ்வளவுதான். மலாய்க்காரர், சீனர் பெயரெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர, நம்மவர் பெயர் மட்டும் அறுந்தது.

சரிசெய்து, என் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்து ஒரு சோதனைப் பதிவு போட்டுத் தேடினேன். வந்தது. யாரும் திறக்காத ரிப்போர்ட்டுகள் இன்னும் சில இருந்தன. ஒவ்வொரு கிளினிக்காக ஜமால் அண்ணனே போன் செய்தார். அன்று அவர் என்னைக் கேலி பேசவில்லை.

சில மாதம் கழித்து அந்த மனிதரை மார்க்கெட் ஸ்திரீட்டில் பார்த்தேன். தலை மழித்திருந்தார்.

"அவ போய்ட்டாண்ணே."

"டாக்டர்... முன்னாடியே தெரிஞ்சிருந்தா..."

"அவரு ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க."

அதற்குப் பிறகு எந்தப் புரோகிராமைச் சோதித்தாலும், ஆட்களின் அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயரைத்தான் தட்டுவேன். நீங்களும் உங்கள் அப்பா பெயரிலிருந்து தொடங்குங்கள்.

அவரை மார்க்கெட் ஸ்திரீட்டில் பார்த்த வாரம், வெள்ளிக்கிழமை கோயிலில் மோட்ச விளக்குக்குச் சீட்டு வாங்கினேன். "பேரு?" என்றார் குருக்கள். லெட்சுமி என்று சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டு சொன்னேன்:

"சுப்பையா மகள் லெட்சுமி."