பூட்டிய அறையில் ஐம்பத்திரண்டு நிமிடம்

நாங்கள் மூன்று பேரும் பேய் அறைக்குப் போனதற்குக் காரணம் ஒரு லிஃப்ட்.

போன கோடையில் எங்கள் தில்லி அலுவலகத்து லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நின்றுபோனது. உள்ளே என் தோழியும் இரண்டு பியூன்களும். நாற்பது நிமிடம் கழித்துத்தான் திறந்தார்கள். அதற்குப் பிறகு அவள் லிஃப்ட் பக்கமே போகவில்லை. எங்கள் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்ததால், முட்டி வலியோடு கைப்பிடியைப் பிடித்து ஏறிச் சமாளித்துவந்தாள். இந்த நிலைமையில்தான், வருஷக்கணக்காகக் காத்திருந்த பதவி உயர்வு வந்தது. போட்ட இடம் புதுக் கட்டடத்தில் ஒன்பதாவது மாடி. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஒரு வருஷத்துக்கு அந்தப் பேச்சே கிடையாது. அவள் ஓய்வு பெறவோ ஒன்றரை வருஷம்தான் பாக்கி. முதல் நாள் லிஃப்டில் கூட வருகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மயூர் விஹார் வீட்டில், பாத்ரூமுக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டுத் தாழிட்டுக்கொண்டு பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று உட்கார்ந்து பார்த்தாள். வெளியே அவள் கணவர் தோளில் துண்டோடு காத்துக்கொண்டிருப்பாராம்.

"தாப்பா என் கையிலதானடி இருக்கு. இதெல்லாம் எதுல சேத்தி?" என்றாள் என்னிடம். அவள் பேச்சில் இன்னும் மதுரை அப்படியே இருக்கும்.

எங்கள் பிரிவின் மூன்றாவது தமிழ்க்காரி எங்களைவிட இருபது வயது சின்னவள். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க மாட்டாள். யோசனை அவளுடையது. "அக்கா, எஸ்கேப் ரூம்னு ஒண்ணு இருக்கு. ஒரு மணி நேரம் நம்மள உள்ள வெச்சு லாக் பண்ணிடுவாங்க. க்ளூ தேடி நாமளே வெளிய வரணும். பயமாயிருந்தா ஒரு பட்டன அமுக்கினா போதும்." அங்கே ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதை. சனிக்கிழமை மத்தியானத்துக்குக் கொள்ளைக்காரர் அறை கிடைக்கவில்லை, யாரோ குழந்தையின் பிறந்தநாளாம். பேய் அறைதான் காலியாக இருந்தது. இது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவும் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தெற்கு தில்லியில் ஒரு மார்க்கெட்டின் பேஸ்மென்ட். விளையாட்டை நடத்தும் இளைஞன் எங்கள் செல்போன்களை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, இந்தியில் விதிகளை ஒப்பித்தான். கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு பட்டன் இருக்கும். அழுத்தினால் கதவு திறந்துவிடும், ஆட்டம் முடிந்தது. தோழி எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்: "ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கங்க. அதைத் தொட்டா நான்தான் தொடணும். நான் என்ன கத்தினாலும் நீங்க தொடக் கூடாது." தலையாட்டினோம்.

மூடிப்போன ஆஸ்பத்திரியின் பழைய ரெக்கார்டு ரூம் என்று அந்த அறையை அலங்கரித்திருந்தார்கள். துருப்பிடித்த பீரோக்கள், சுவரில் ரத்தக் கைத்தடம், எங்கிருந்தோ ஒரு பெண்ணின் அழுகை. மற்றவர்களுக்குப் பயமாக இருந்திருக்கலாம். நாங்கள் மூன்று பேரும் இதைவிட மோசமான ரெக்கார்டு ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டவர்கள். ஃபைல்கள் நம்பர் மாறிக் கிடந்ததைப் பார்த்ததும் சின்னவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவள் நம்பர் படிக்க, நான் எடுத்துக் கொடுக்க, தோழி அடுக்க, ஒரு பீரோவை ஒழுங்கு செய்து முடித்தோம். அழுத பெண் அழுதுகொண்டே இருந்தாள்.

இரண்டாவது பீரோவில், ஃபைல்களுக்கு அடியில், அரக்கு முத்திரை வைத்த உறை ஒன்று கிடைத்தது. மேலே 'ரகசியம்' என்றும், கீழே ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் பெயருக்கு என்றும் எழுதியிருந்தது. தோழி வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"நமக்கு வந்ததில்லையே," என்றாள்.

"சீல் உடையாமத்தான் இருக்கு," என்றேன் நான்.

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டோம். சர்வீஸில் இத்தனை வருஷமாக, மேலிடத்துக்கு வந்த மூடிய உறையை நாங்கள் பிரித்ததில்லை. இது விளையாட்டு என்பது மூன்று பேருக்குமே அந்த நிமிடத்தில் தோன்றவில்லை. சாவி அதற்குள்தான் இருந்தது.

அதனால், முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆட்டம் முடியவில்லை. சுவர்க் கடிகாரம் மீதி நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் பாக்கி இருந்தபோது விளக்குகள் அணைந்தன. ஒரு பீரோ தானாகவே தடதடவென்று ஆடியது. சின்னவள் வீறிட்டாள், உடனே சிரித்தாள்.  தோழி பக்கமிருந்து மூச்சு கேட்டது, பெரிய பெரிய மூச்சு. அதற்கு நடுவே எண்கள். "இருபத்தொண்ணு... இருபத்திரண்டு..." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. தொட்டேன், கை ஜில்லென்று வேர்த்திருந்தது. என் கையை உதறிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். சுவரைத் தடவிக்கொண்டே போய்ப் பட்டனை அழுத்தினேன்.

கதவு திறந்தது, வெளியே வந்தோம். வெளிச்சத்தில் அவள் முகம் வெளிறித்தான் இருந்தது, ஆனால் நிதானமாக இருந்தது.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்றாள்.

"ஐம்பத்திரண்டு," என்றாள் சின்னவள்.

"யார் அமுக்கினது?"

சின்னவள் என்னைப் பார்த்தாள். 

"டாக்டர்தான்டி எண்ணச் சொன்னார். பயம் வர்றப்ப மூச்சை எண்ணணும்னு. நான் தாக்குப் பிடிச்சுக்கிட்டுத்தான இருந்தேன்?"

உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துவிட்டேன் என்றேன். அதில் பாதிதான் உண்மை. அந்த இருட்டில், அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

அவள் இளைஞனிடம் திரும்பினாள். "பையா, ஆட் மினட் பாக்கி ஹை. ஃபிர் சே பந்த் கரோ." எட்டு நிமிடம் பாக்கி இருக்கிறது, மறுபடி பூட்டு என்றாள். அவன் எங்களைப் பார்த்தான். நானும் சின்னவளும் உள்ளே போகத் திரும்பினோம். அவள் கையைக் காட்டி எங்களை நிறுத்திவிட்டுத் தனியாகப் போனாள். கதவு மூடியது.

இளைஞன் தன் மேஜையில் இருந்த திரையைக் காட்டினான். சாம்பல் நிறப் படத்தில் அவள் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகைச் சத்தத்தை நிறுத்தட்டுமா என்று மைக்கில் கேட்டான். இருக்கட்டும் என்று கையசைத்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஆறாவது நிமிடத்தில் சட்டென்று எழுந்து கதவருகே போனாள். பட்டனுக்கு எதிரில் நின்றாள். கை பாதி தூரம் போனது.

அழுத்து, அழுத்து என்று என் மனசு சொல்லிற்று. அவள் நல்லதுக்காக இல்லை. அவள் அழுத்திவிட்டால் நான் செய்தது சரி என்று ஆகிவிடும். என் சிநேகிதி தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, அப்போதும் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் கையைக் கீழே இறக்கிக்கொண்டாள். திரும்பிப் போய் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி எண்ண ஆரம்பித்தாள்.

எட்டு நிமிடம் முடிந்து வெளியே வந்ததும் சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டு மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "திங்கக்கிழமை நீ என்கூட வர வேணாம். லிஃப்ட்ல நான் தனியாவே போய்க்கிறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.